மேய்ச்சல் வெளியும் ஆடுகளமும்

(மலைப்பகுதி ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இதற்கு முன் நடந்த முகாம் ஒன்றில், மலை ஊராட்சியைச் சேர்ந்த உறுப்பினராகிய ஓர் அம்மையார் எழுந்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “எங்கள் ஊர்ப் புல்வெளியில் கோல்ஃப் ஆடுகளம் அமைக்கலாம் என்று சிலர் பேசுகின்றனர். ஊருக்கு வருமானம் வரும் என்கின்றனர். பந்து ஓடும் இடத்தில் எங்கள் ஆடும் மாடும் மேய முடியுமா? முடியாது என்றால் அவை எங்கே போகும்?” என்பது அவர் கேள்வி. அன்று நாம் தக்க விடை கூறவில்லை. “நன்கு ஆராய்ந்து முடிவு செய்யுங்கள்” என்று பொதுப்படையாகச் சொல்லி அமர்ந்துவிட்டோம். கேள்வி கேட்டவருக்கு அது விடையாகாது. எனவே அக்கேள்விக்கே இன்றைய பேச்சை ஒதுக்குகின்றோம்.

மேய்ச்சலும் ஆட்டமும் ஒரே நிலத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் ஊர்கள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி முதலிற் காண்போம்.

ஆட்டத்தின் இயல்பு

முதற்கண், இவ்வாட்டம் யாதென அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு கோலால் ஒரு சிறு பந்தை அடித்து, தொலைவிலுள்ள ஒரு குழியில் வீழ்த்த வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் வீழ்த்துபவர் வென்றவர். பந்தின் எடை ஏறத்தாழ 46 கிராம். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். முழுக்களம் என்பது 18 குழிகளைக் கொண்டது. சிறிய ஊர்களில் 9 குழிகளோடு நிறுத்திக் கொள்வதும் உண்டு. 18 குழிகளையும் சுற்றிவர ஏறத்தாழ 6,000 கஜ நீளமுள்ள பாதை வேண்டும். ஆகவே, இவ்வாட்டத்திற்கு முதற்பொருள் நிலம். இரண்டாம் பொருள் புல். இவ்விரண்டும் உழவனுக்கும் உயிரானவை அல்லவா? வழக்கு எழுவது இங்கேதான்.

பிராட்னர் குன்று

இங்கிலாந்தின் மேற்கெல்லையில், வேல்ஸ் நாட்டை ஒட்டி, ஹெரஃபோர்டுஷயர் என்னும் மாவட்டம் இருக்கின்றது. சிவந்த உடலும் வெண்முகமும் உடைய ஹெரஃபோர்டு மாடுகள் தோன்றிய மண் அது. அம்மாவட்டத்தில் ஆரோ என்னும் சிற்றாற்றின் கரையில் கிங்டன் என்ற சந்தை ஊர் உள்ளது. மக்கள் தொகை சுமார் 3,000; நம் நாட்டில் ஒரு நடுத்தர ஊராட்சிக்கு ஒப்பானது. ஆட்டுச் சந்தைக்கு அவ்வூர் பெயர் பெற்றது.

ஊருக்கு மேலே பிராட்னர் குன்று நிமிர்ந்து நிற்கின்றது. அதன்மேல் நின்று நோக்கினால், ஒருபுறம் வேல்சின் மலைத் தொடர்களும் மறுபுறம் மால்வர்ன் குன்றுகளும் நீல நிறமாகத் தோன்றும். அக்குன்றின்மேல் 1926 முதல் ஒரு கோல்ஃப் களம் இருந்து வருகின்றது. அதன் உயரம் 1,284 அடி. இங்கிலாந்தில் 18 குழிகளைக் கொண்ட களங்களுள் இதுவே மிக உயரத்தில் உள்ளது என்பர். ஏழாயிரம் அடி உயரத்தில் வாழும் கொடைக்கானல் மக்களுக்கு இது ஒரு மேடாகவே தோன்றலாம். ஆனால் நில உருண்டையில் வடக்கே செல்லச் செல்லக் குளிர் மிகும்; அந்த நாட்டில் ஆயிரம் அடி ஏறினாலே காற்றும் மண்ணும் மாறிவிடும். ஏர் நுழையாத நிலம் அது; மேய்ச்சலுக்கே உரியது.

இக்களத்தில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியவை. முதலாவது, அந்நிலம் ஆட்டச் சங்கத்திற்குச் சொந்தமன்று. இயற்கை எழில் மிக்க இடங்களையும் பழஞ்சின்னங்களையும் மக்களுக்காகக் காத்துவர 1895-இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தின் உடைமை அது. இரண்டாவது, ஆட்டப் பாதையிலேயே ஆடுகள் மேய்கின்றன. பந்தை அடிக்க நிற்பவர் ஆடுகள் விலகும்வரை பொறுத்திருப்பார். பந்தின் அருகே சாணமோ புழுக்கையோ கிடந்தால் அகற்றிவிட்டு ஆடலாம் என்று விளையாட்டின் விதியே கூறுகின்றது.

இன்னொரு புதுமையும் உண்டு. கோல்ஃப் களம் என்றவுடன், பந்து சிக்கிக்கொள்ளும் மணற்குழிகள் பலருக்கு நினைவு வரும். பிராட்னர் குன்றில் அத்தகைய மணற்குழி ஒன்றேனும் இல்லை. மேடும் பள்ளமும் பெரணிச் செடியுமே ஆடுவோருக்குப் போதிய தடைகளாக அமைந்துள்ளன. நிலத்தை வெட்டி, மணல் கொட்டி, உருவத்தை மாற்றாமல், குன்றை உள்ளவாறே ஏற்று ஆடுகின்றனர். குளம்பு பட்டுச் சரியும் மணற்கரையைச் செப்பனிடும் செலவும் இதனால் மிச்சமாகின்றது.

ஆடு செய்யும் வேலை

ஆடு மேய்வதால் ஆட்டத்திற்கு இடையூறு என்றுதான் எவரும் முதலில் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அக்குன்றுகளில் ஆடு மேயாவிடில் ஆட்டமே இராது.

பிரித்தானிய மேட்டு நிலங்களில் பிரேக்கன் என்னும் பெரணி ஒன்று உண்டு. நிலத்தடியில் கிழங்கோடிப் பரவுவது, ஆளுயரம் வளர்வது, மாடு தின்றால் நஞ்சாவது, உண்ணிகளுக்கு உறைவிடமாவது. இளங்குருத்து வெளிவரும் காலத்தில் கால்நடைகளின் குளம்பு மிதித்து நசுக்கினால் அது பரவுதல் குறையும். ஆட்டைவிட மாட்டின் கனமான குளம்பு இவ்வேலையை நன்கு செய்யும். அதுபோலவே கார்ஸ் என்னும் மஞ்சட்பூப் பூக்கும் முட்புதரின் இளந்தளிரை ஆடும் மட்டக்குதிரையும் கடித்துக் கட்டுக்குள் வைக்கும். மேய்ச்சல் நின்றால் இவ்விரண்டும் புல்லை மூடிவிடும். பின்னர் அங்கே ஆட்டுக்கும் இடமில்லை, ஆட்டக்காரருக்கும் இடமில்லை.

மேலும், இத்தகைய மெலிந்த மண்ணில் வளரும் ஃபெஸ்க்யூ முதலிய மெல்லிய புல் வகைகள் எரு மிகுதியாக இட்டால் செழிப்பதில்லை. கொழுத்த புல்லும் களையும் அவற்றை அமுக்கிவிடும். வறிய மண், குறைந்த எரு, இடைவிடாத மேய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த உறுதியான புல்விரிப்பை நெய்கின்றன. எந்திரமும் உரமும் கொண்டு பெருஞ்செலவில் பிற களங்கள் செய்வதில் ஒரு பகுதியை, அங்கே மேய்ப்பவரின் மந்தை தன் பசியாற்றிக்கொண்டே செய்துவிடுகின்றது. குழியைச் சுற்றியுள்ள தளத்தை மட்டும் எந்திரத்தால் வெட்டிச் சீர் செய்தல் வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள புரோரா என்னும் கடற்கரைக் களத்தில், ஆடுமாடு அத்தளங்களில் ஏறாதிருக்க, அவற்றை மட்டும் சுற்றி மெல்லிய மின்கம்பி கட்டியிருக்கின்றனர்; ஏனைய நிலம் முழுவதும் மேய்ச்சலுக்குத் திறந்தே கிடக்கின்றது. வேலி ஆட்டத்தின் சிறு பகுதியைக் காக்கின்றதே அன்றி, மேய்ச்சலை அடைக்கவில்லை.

மாடுகளுக்கு முதல் உரிமை

கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் மின்சின்ஹாம்டன் என்னும் ஊருக்கு அருகே ஒரு மேட்டுப் புல்வெளி உள்ளது. அதுவும் 1913 முதல் நேஷனல் டிரஸ்டின் பாதுகாப்பில் இருப்பது. அங்கே 1889 முதல் கோல்ஃப் ஆடப்படுகின்றது. ஆண்டுதோறும் மே மாதத்தில், உரிமையுடைய உழவர்கள் தத்தம் மாடுகளை அடையாளமிட்டு அப்பொது நிலத்தில் அவிழ்த்து விடுவர். வேனிற்காலம் முழுவதும் மாடும் குதிரையும் ஆட்டப் பாதையில் உலவும். அங்கே மாட்டுக்குப் பந்தால் நேரும் தீங்கைவிட, வெளியின் குறுக்கே செல்லும் சாலையில் விரையும் ஊர்திகளால் நேரும் தீங்கே பெரிது; ஊர்தி மோதி மாடு மடிவது அவ்வூர் உழவர்களின் குறையாக இருந்து வருகின்றது.

இவ்விணக்கம் வெறும் நல்லெண்ணத்தால் வந்ததன்று. அந்நாட்டில் 1965-இல் இயற்றப்பட்ட பொது நிலப் பதிவுச் சட்டத்தின்படி, எந்த நிலம் பொது நிலம், அதில் யாருக்கு எத்தனை கால்நடைகளை மேய்க்கும் உரிமை உண்டு என்பவை ஏட்டில் எழுதப்பட்டன. பின்னர் 2006-ஆம் ஆண்டின் பொது நிலச் சட்டம் வந்தது. அதன்படி, பொது நிலத்தில் மக்கள் நடமாட்டத்தைத் தடுக்கும் வேலியோ கட்டடமோ எழுப்ப வேண்டுமாயின், அரசின் ஒப்புதலை முன்னதாகப் பெற வேண்டும். நில உடைமையாளரும் இதற்கு விலக்கல்லர். உரிமை ஏட்டில் இருப்பதால்தான் உழவர் எவரிடமும் கெஞ்ச வேண்டிய நிலை இல்லை. ஏட்டில் இல்லாத உரிமை, கேட்பாரற்ற கிணற்று நீர் போன்றது. இறைப்பவர் கையில் போய்விடும்.

ஒரு மன்றம் நிலத்தை இழந்த கதை

ஊராட்சி உறுப்பினர்கள் மறவாதிருக்க வேண்டிய ஒரு வரலாறும் உண்டு. கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் என்று போற்றப்படுவது ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம். அந்நகரக் கடற்கரைப் புல்வெளியில் மக்கள் கோல்ஃபும் காற்பந்தும் ஆடும் உரிமை 1552-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வளவு பழமையான பொது வெளி அது.

ஆயினும் 1797-இல் நகர மன்றம் கடனில் மூழ்கியது. கடனைத் தீர்க்க அவ்வெளியைக் கைவிட்டது. நிலத்தைப் பெற்ற வணிகர்கள் அங்கே முயல் வளர்க்கத் தொடங்கினர். முயல்கள் வளை தோண்டிப் புல்வெளியைப் பாழாக்கின. நகரத்தாருக்கும் முயல் வளர்ப்போருக்கும் ஆண்டுக்கணக்கில் பூசலும் வழக்கும் நடந்தன. 1821-இல் ஆட்டத்தில் பற்றுடைய நிலக்கிழார் ஒருவர் அதை விலைக்கு வாங்கியதால் தப்பியது. நகரம் அதை மீண்டும் தன் உடைமையாக்கிக் கொண்டது 1894-இல்தான். ஓர் ஆண்டின் பணமுடைக்காகக் கைவிட்ட பொது நிலத்தை மீட்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின! வருமானம் வேண்டும் என்று அவசரப்படும் எந்த மன்றமும் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விணக்கமும் எளிதில் குலையக் கூடியது

பிராட்னர் குன்றையும் பிறவற்றையும் புகழ்ந்ததால், அங்கே எல்லாம் செம்மையாக உள்ளன என்று எண்ணிவிடலாகாது. 2001-ஆம் ஆண்டு பிரித்தானியாவில் கோமாரி நோய் பரவியது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நாட்டுப்புற நடைபாதைகள் மூடப்பட்டன. வெளியூரார் வருகை நின்றதால் உழவரோடு விடுதிக்காரரும் கடைக்காரரும் சேர்ந்தே துன்புற்றனர். மேய்ச்சலும் சுற்றுலாவும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை அவ்வாண்டு காட்டியது. தலைமுறைதோறும் தாயிடமிருந்து குட்டி கற்றுத் தன் மலையைவிட்டு அகலாது மேயும் மந்தைகளும் சில இடங்களில் அழிந்தன. அத்தகைய மந்தையைச் சந்தையில் பணம் கொடுத்து வாங்க இயலாது.

இளைஞர் நகருக்குச் செல்வதும் மேய்ப்போர் தொகை குறைவதும் அங்கும் கவலையாகவே உள்ளன. சிற்றூர்க் களங்கள் உறுப்பினர் சந்தாவாலும் ஊராரின் உழைப்பாலுமே நிற்பவை. உறுப்பினர் குறைந்தால் தள்ளாடும். இதில் வேலைவாய்ப்புப் பெருகும் என்று எவரேனும் கூறினால், எண்ணிக்கை கேளுங்கள். சிறிய களமொன்றில் புல்லைப் பேணுவோர் ஒரு சிலரே. அது ஊருக்குத் துணை வருவாயாகலாமே ஒழிய, ஊரை வாழவைக்கும் தொழிலாகாது.

நம் மலைகளின் நிலை

இனி நம் நாட்டிற்கு வருவோம். கொடைக்கானலில் 1895-இல் தொடங்கிய கோல்ஃப் சங்கம் ஒன்றுண்டு. அக்களத்தில் காட்டெருமைகள் புல் மேய்வதை அவ்வூரார் கண்டிருப்பர். உதகையிலும் வெலிங்டனிலும் ஆங்கிலேயர் காலத்துக் களங்கள் உள்ளன. எனவே இவ்வாட்டம் நம் மலைகளுக்குப் புதிதன்று. ஆனால் பிராட்னர் குன்றின் கணக்கை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க இயலாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, நீர். அந்த நாட்டில் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கின்றது, வெயில் மென்மையானது. சிறிய மேட்டு நிலக் களங்களில் ஆட்டப் பாதைக்கு நீர் பாய்ச்சாமலே காலம் தள்ளலாம். நம் மலைகளிலோ தை முதல் சித்திரை வரை ஓடைகள் மெலிந்துவிடும். அக்காலத்தில் புல்லைப் பசுமையாக வைக்க வேண்டுமாயின், யாரோ ஒருவர் குடிக்கும் நீரை எடுத்தாக வேண்டும்.

இரண்டாவது, புல்வெளியே நம் நீர்த்தொட்டி. நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருப்பது இயற்கையின் அரிய ஏற்பாடு. மழையையும் மூடுபனியையும் வாங்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவது அதன் தொழில். பவானியும் மோயாறும் அத்தகைய வெளிகளின் நீரால் பிறப்பவை. இங்கே ஓர் உண்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசுப் பணியில் இருப்போராகிய நாம் நெடுங்காலம் அப்புல்வெளிகளைத் “தரிசு” என்றே ஏட்டில் எழுதி வந்தோம். மரமில்லாத நிலம் பயனற்ற நிலம் என்று கருதி, சீகை மரமும் தைல மரமும் நட்டோம். நட்ட மரம் புல்வெளியை விழுங்கிய பின்னரே அதன் அருமையை உணர்ந்தோம். ஆங்கிலேயர் தம் நாட்டு நினைவாகக் கொண்டுவந்த கார்ஸ் முட்புதரும் அவ்வாறே நீலகிரியில் களையாகிப் பரவியது. தன் நாட்டில் ஆட்டின் பல்லுக்கு அடங்கிய செடி, இங்கே அடக்குவாரின்றி ஓடியது. ஒரு முறை செய்த பிழையை வேறு பெயரில் மறுமுறை செய்யலாகாது.

மூன்றாவது, மருந்து. நம் வெப்பமும் ஈரமும் பூஞ்சைக்கும் புழுவுக்கும் உகந்தவை. குழியைச் சுற்றிய தளத்தை மென்மையாக வைக்கப் பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் தெளிக்க நேரும். மலையுச்சியில் தெளிப்பது கீழூர்க் குடத்தில் வந்து சேரும்.

மேய்ச்சற் புறம்போக்குப் பற்றிச் சட்டத்தின் கருத்தையும் அறிந்திருத்தல் நன்று. கிராமப் பொது நிலங்களைத் தனியார் கவர்ந்துகொள்வதை உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று அளித்த தீர்ப்பில் கடிந்துரைத்தது. அத்தகைய நிலங்களை மீட்டுக் கிராம மக்களின் பொதுப் பயனுக்கு அளிக்கத் திட்டம் வகுக்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. இத்தீர்ப்பின் செய்தியைக் கிராம சபையில் படித்துக் காட்டுவது நல்லது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆதலின், உங்கள் ஊரில் எவரேனும் இத்தகைய திட்டத்தோடு வந்தால், அவர்களை அவமதிக்கவும் வேண்டா. உடனே கையொப்பமிடவும் வேண்டா. கிராம சபையில் அமர்த்தி இவ்வைந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. நிலத்தின் உடைமை யாரிடம் இருக்கும்? ஊரின் உடைமை ஊரிடமே இருக்குமா?

2. இப்போது மேயும் கால்நடைகள் எத்தனை, யாருடையவை? அவ்வுரிமையை எழுத்தில் பதிவார்களா?

3. வேலி எங்கே வரும்? குழித் தளங்களைச் சுற்றி மட்டுமா, வெளி முழுவதையுமா?

4. கோடையில் நீர் எந்த ஓடையிலிருந்து, எவ்வளவு எடுக்கப்படும்? கீழூர் மக்கள் ஒப்புக்கொண்டார்களா?

5. திட்டம் தோல்வியுற்று அவர்கள் சென்றுவிட்டால், நிலத்தை எந்நிலையில் திருப்பித் தருவார்கள்?

இவற்றிற்கு வாய்மொழி விடை போதாது. எழுத்தில் விடை பெற்று, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அதைப் படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டுங்கள். சிறப்பாக, ஆடு மேய்க்கும் பெண்களையும் முதியவர்களையும் அன்றைய சபைக்கு அழையுங்கள். வெளியின் எந்த மூலையில் எந்த மாதத்தில் புல் இருக்கும், எந்த ஊற்று எப்போது வற்றும் என்பதை அவர்களே நன்கறிவர்.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு நம் விடையைக் கூறுவோம். தாயே! ஆடும் மேயலாம், ஆட்டமும் நடக்கலாம். அப்படி நடக்கும் ஊர்கள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஆடு முன்னரே வந்தது. ஆட்டம் பின்னர் வந்தது. வந்தவர் நிலத்தின் உருவத்தை மாற்றவில்லை. மந்தைக்கு வழிவிட்டு நின்றனர். மேய்ப்பவரின் உரிமை ஏட்டில் இருந்தது. இந்நிலை உங்கள் ஊரில் உறுதியானால் திட்டத்தைப் பற்றி மேலே பேசுங்கள். உறுதியாகாவிடில், புல்வெளி புல்வெளியாகவே இருக்கட்டும். நீரைத் தேக்கி ஊருக்கு அளித்து, மந்தையின் பசியையும் தீர்க்கும் நிலம் ஏற்கெனவே வருமானம் தரும் நிலந்தான். அவ்வருமானத்தை நாம் இதுவரை கணக்கில் எழுதாதிருந்தோம், அவ்வளவே.

ஆகவே, இம்முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றுண்டு. உங்கள் ஊராட்சியின் மேய்ச்சல் நிலம் எவ்வளவு, அதன் எல்லை எது, அதில் மேய்பவை எத்தனை என்று ஒரு பட்டியல் எழுதி, அடுத்த கிராம சபையில் வையுங்கள். திட்டம் கொண்டு எவர் வந்தாலும், வாராவிட்டாலும், அப்பட்டியல் உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்.